கோடு முடியும் இடம்

அஸ்மீரின் நகைக்கடை எட்டரைக்குப் பூட்டும்.
ஷட்டர் பாதி இறங்கியதும்
நான் குனிந்து உள்ளே போவேன்,
கைப்பையில் ஐந்து சின்னப் போத்தல்கள்.
அலுமினியத் தூள், ஆட்டா மாவைவிட மெல்லிசு.
துத்தநாகமும் மக்னீசியமும் செம்பும் சேர்ந்தது.
ஒரு தும்மலில் அரை மாதச் சம்பளம் பறந்துவிடும்.

காத்தான்குடிப் பெண்களின் அறுந்த கொலுசுகளைப்
பகலெல்லாம் ஒட்டும் லேசர் அது.
இரவில் என்னுடையது.
மணிக்கு ஆயிரத்தைந்நூறு, ஆர்கன் தனி,
தேத்தண்ணி இலவசம்.

உலோகம் அச்சடிக்கும் இயந்திரம் என்னிடம் இல்லை.
கேட்டு எழுதிய கடிதம்
கொழும்பில் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது.
ஆனால் அந்த இயந்திரம்தான் என்ன செய்கிறது?
தூளை மயிரளவு பரப்பி, ஒளியால் ஒரு கோடு இழுத்து,
உருக்கி, உறையவிட்டு,
அதன்மேல் மறுபடி பரப்பி, மறுபடி இழுத்து.
பல்லாயிரம் கோடு சேர்ந்தால் ஒரு பொருள்.
நான் ஒரே ஒரு கோட்டை இழுக்கிறேன்.
இது வெடித்தால் பல்லாயிரமும் வெடிக்கும்.

வெடிக்கிறது.

உருகும்போது அல்ல, உறையும்போது.
படிகங்கள் அடியில் முளைத்து
மூங்கிலாய் ஒரே திசைக்கு நெட்டையாக எழும்புகின்றன.
இரண்டு மூங்கிலுக்கு நடுவில்
கடைசித் துளி சிக்கிக்கொள்கிறது.
சுற்றிலும் எல்லாம் சுருங்கி இழுக்க,
நிரப்ப வேறு துளி வர வழியில்லாமல்
அங்கே கிழிகிறது.

சனிக்கிழமைகளில் கல்லடிப் பாலம் தாண்டி,
ஏறாவூர், செங்கலடி தாண்டி
வந்தாறுமூலைக்கு பஸ்ஸில் போகிறேன்.
அங்கே தேய்த்து, மினுக்கி, அமிலத்தில் தோய்த்து
நுணுக்குக்காட்டிக்கு அடியில் வைப்பேன்.
பதினொன்று: வெடிப்பு.
பன்னிரண்டு: வெடிப்பு, துளைகளும்.
மார்கழி ஈரத்தைத் தூள் குடித்துவிட்டது.
கச்சான் வீசத் தொடங்கியதும் துளைகள் குறைந்தன.
வெடிப்பு கச்சானுக்கும் மசியவில்லை.

முப்பத்தெட்டில் நூற்றுக்கு ஒன்று சிர்கோனியம் கலந்தேன்.
"உப்புப் போடுற மாதிரியா?" என்றான் அஸ்மீர்.
உப்பு கரைந்தால் கரைந்ததுதான்.
இது கரையும், பிறகு குளிரும்போது
எல்லாருக்கும் முன்னால் திரண்டு வந்து நிற்கும்.
அதைப் பற்றிக்கொண்டு மற்றவை முளைக்கும்,
நினைத்த இடத்தில், நினைத்த திசையில்.

அந்தச் சனிக்கிழமை கண்ணாடிக்குள் மூங்கில் இல்லை.
குரக்கன் மணிகள். நெருக்கி நெருக்கி.

கஜரூபன் எட்டிப் பார்த்துச் சொன்னான்:
"எல்லாரும் ஒரே பக்கம் பாத்து நிண்டாத்தான் பிளவு.
எங்கட மாவட்டத்துக்கே பாடம் இது."
பேசாமல் இரு என்றேன்.
அலுமினியத்துக்கு மாவட்டம் கிடையாது,
எனக்கு இன்னும் அரை மில்லிமீட்டர் பார்க்க இருக்கிறது.

அந்த அரை மில்லிமீட்டரின் நுனியில்,
ஒளி அணைந்த குழியில்,
ஒரு வெடிப்பு.
கண்ணிமையின் மயிரைவிடச் சின்னது.

திங்கள் இரவு படத்தை போனில் காட்டினேன்.
அஸ்மீர் பெரிதாக்கிப் பார்த்தான், கொலுசைப் பார்ப்பதுபோல.
"டக்கெண்டு நிப்பாட்டினா அப்படித்தான் மிஸ்.
நாங்க வெளிச்சத்த மெல்ல மெல்லக் குறைச்சுத்தான் விடுவம்."
ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லையே என்றேன்.
"கோடு எங்க முடியுதெண்டு
நீங்க ஒருநாளும் காட்டல்லயே."

அவன் விசையைத் தணிக்கும் திருகில் விரல் வைத்தான்.
நான் முப்பத்தொன்பதாவது போத்தலின் மூடியைத் திருகினேன்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.