மூன்று டபிள்யூ

ரெட்டியார்பாளையம் ஸ்கேன் சென்டரிலிருந்து
தெரேஸ்லின் நாலாவது முறையாகக் கூப்பிடுகிறாள்.
"உள்ள விடுது மேடம். பேர் சொல்லி வணக்கம்கூட வைக்குது.
ரிப்போர்ட்டைத் தொட்டா
நீங்க யாருன்னு கேக்குது."

எனக்கும் அப்படித்தான்.
முதல் பக்கத்தில் வணக்கம், வேதவல்லி.
இரண்டாம் பக்கத்தில்
பெயருக்கு ஒன்று, கடவுச்சொல்லுக்கு ஒன்று,
இரண்டு வெற்றுப் பெட்டிகள்,
நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை என்பதுபோல்.

வரதப்பன் எட்டிப் பார்த்து
குக்கியை அழிச்சுட்டுப் பாரு என்கிறான்.
எதற்கும் அதைத்தான் சொல்வான்,
பல்வலிக்கும்.
அழித்தேன்.
வட்டில் இடம் இருக்கிறது. எழுத அனுமதி இருக்கிறது.
சர்வரின் கடிகாரமும் என் கைக்கடிகாரமும்
ஒரே நிமிஷத்தில்தான் ஓடுகின்றன.
செஷன்கள் சேரும் கோப்புறையைத் திறந்தால்
இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்,
ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத நீளப் பெயர்.
எல்லாம் நான்தான்.
காலையிலிருந்து சொடுக்கியபோதெல்லாம்
புதிதாகப் பிறந்து
அடுத்த சொடுக்கில் அநாதையான நான்கள்.

ராத்திரி வண்டியை எடுத்தால்
மரப்பாலம், அரியாங்குப்பம், தவளக்குப்பம்,
கன்னியக்கோயில்,
பெண்ணையாற்றுப் பாலத்தில் முகத்தில் அடிக்கும் பூச்சி,
ஆல்பேட்டை செக்போஸ்டில் கை நீளும்.
ஆறு வருஷமாக அதே கை, அதே கல் மோதிரம்.
"எங்கேருந்து?"
பாண்டி.
"எங்க?"
மஞ்சக்குப்பம்.
"சீட்டைத் தூக்குங்க."
குடை, டிபன் டப்பா, மழைக்கோட்டு.
ஒரு குவார்ட்டர்கூட இல்லாத ஏமாற்றத்தை
அவர் மறைத்துக்கொள்வதில்லை.
"போங்க."
நாளைக்கு மறுபடி எங்கேருந்து.

எனக்கொன்றும் கோபமில்லை.
இணையத்தையும் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.
வருகிற ஒவ்வொருவரும் முதல் தடவை வருகிறவர்.
ஞாபகம் வைப்பது அதன் வேலையில்லை,
அடையாளச் சீட்டை நாம்தான் நீட்ட வேண்டும்.
என் சீட்டு என் உலாவியில் பத்திரமாக இருக்கிறது.
பின் ஏன் நீட்டவில்லை?

வீட்டில், கொசுவர்த்தி கடைசிச் சுற்றுக்கு வந்தபோது
முகவரிப் பட்டையைப் பார்த்தேன்.
உள்நுழையும் பக்கத்தில் முன்னால் மூன்று டபிள்யூ.
ரிப்போர்ட் பக்கத்தில் இல்லை.

அவ்வளவுதான்.

ஒரே சர்வர், இரண்டு பெயர்.
ஒரு பெயர் கொடுத்த சீட்டை
உலாவி இன்னொரு பெயரிடம் காட்டாது.
காட்டவும் கூடாது.
நாணயமான பிறவி அது.

தினம் அந்த ஊருக்குப் போய் வருகிறவளுக்கு
முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.
கண்டக்டர் வாயில் பாண்டி பாண்டி,
பலகையில் புதுச்சேரி,
என் டிகிரியில் பாண்டிச்சேரி,
தோழியின் கல்யாணப் பத்திரிகையில் புதுவை.
பாஸ்போர்ட்டுக்குப் போனபோது
எல்லாம் ஒரே ஊர்தான் என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்தானே நான்.

ஒரு வரியை மாற்றினேன்.
அந்தப் பெயரும் இந்தப் பெயரும் ஒன்றே என்று
இங்கேயும் எழுதிக் கொடுத்தேன்.
சொடுக்கினேன். வணக்கம், வேதவல்லி.
சொடுக்கினேன். வணக்கம், வேதவல்லி.
தேவையே இல்லாமல் இன்னும் பத்துத் தடவை.

மறுநாள் ஆல்பேட்டையில்
கை நீளும் முன்பே சீட்டைத் தூக்கிவிட்டேன்.
குடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"எங்கேருந்து?"

பதில் சொல்வதற்குள் போன் அதிர்ந்தது.
தெரேஸ்லின்.
"ரிப்போர்ட் வருது மேடம்.
பிரிண்ட்தான் வர மாட்டேங்குது."