பல்லைப் பிடித்துப் பார்த்தல்

தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இந்த மேசை ரம்பத்துக்கு அவர் கேட்பது நானூற்றைம்பது டாலர்.
ஆகவே கையுறையைக் கழற்றினேன்,
ஒவ்வொரு பல்லாகத் தடவினேன்.
நாற்பது. இரண்டின் நுனி உதிர்ந்திருந்தது.
ஐம்பது டாலர் குறைக்க அது போதும் என்று
மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

துலூத்தின் மேட்டுத் தெரு. மார்ச்.
ஏரிக்காற்று ஆலங்கட்டியை அள்ளி வந்து
கராஜின் தகரக் கதவில் கொட்டிக்கொண்டிருந்தது.
ஆர்டன் ஹால்வர்சன் கை நீட்டினார்.
குலுக்கும்போதே எண்ணினேன்: ஐந்து.
காப்பிக் குவளையை எடுத்தபோது மற்ற ஐந்து.
ரம்பம் விற்பவரிடம்
வேறெதை முதலில் சரிபார்ப்பது?

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
எந்த இயந்திரமும்
உண்மையை அடிவயிற்றில்தான் வைத்திருக்கும்.
மண்டியிட்டு டார்ச் அடித்தேன்.
உள்ளே தூள், அடுக்கடுக்காய்:
அடியில் வெளுத்த பைன், மேலே சிவந்த ஓக்,
அதற்கும் மேலே ஒரு சிலந்தி.
"ஒரு குளிர்காலம் சும்மா நின்றது" என்றார்.
சிலந்தியின் வலையைப் பார்த்தால்
இரண்டு என்று தோன்றியது.

வார்ப்பிரும்புப் பலகைக்குக் குறுக்கே நேர்கோலை வைத்து
அந்தப் பக்கம் வெளிச்சம் பிடித்தேன்.
நடுவில் மயிரிழை அளவு ஒளி கசிந்தது.
போகட்டும்.
நான் பதினொரு இழுப்பறைகள் செய்யப்போகும் சமையலறையில்
தரையே இதைவிடப் பெரிய பொய்.

"காப்பு மூடி?"
அலமாரியின் உச்சியில் துழாவி எடுத்துத் தந்தார்.
தொழிற்சாலையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை
கிழியாமல் அப்படியே.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவரும் காப்பியைத்தான் பார்த்தார்.

ஐந்து சென்ட் காசு ஒன்றைப் பலகைமேல்
விளிம்பில் நிறுத்தினேன்.
நல்ல ரம்பம் ஓடும்போது காசு நிற்கும் என்பார்கள்.
சுவிட்சைப் போட்டேன்.
ஒரே வளைவில் உறைந்து கிடந்த பெல்ட்
டொக், டொக் என்று நொண்டியது.
காசு விழுந்தது, உருண்டது,
எனக்குப் பின்னால் ஓடிச் சுவரோரம் படுத்தது.

குனிந்து எடுத்தபோதுதான் பார்த்தேன்.
ரம்பத்தை இயக்குபவர் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னே,
பழைய சுவரில், வயிற்று உயரத்தில்,
புதிய பிளைவுட் துண்டு ஒன்று
நான்கு திருகாணிகளோடு.
திரும்பினேன்.
சுவிட்சைப் போட்ட கணத்திலேயே
அவர் ஃப்ரீசர் ஓரம் ஒதுங்கியிருந்தார்.
தன் ரம்பத்துக்கு எதிரே நிற்காத மனிதர்.

"மரம் பின்னால் பாய்ந்ததா?"
"முதல் முறை சுவருக்கு" என்றார்.
இரண்டாம் முறையைப் பற்றிச் சொல்லவில்லை.
இடது விலாவுக்குக் கீழே
சட்டைமேல் போன கை
அங்கேயே இருந்தது.

மோட்டாரை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கினேன்.
கத்தி கேட்டேன்; வீட்டுக்குள் போய்
ரொட்டி வெட்டும் கத்தியைக் கொண்டுவந்தார்.
உறையைக் கிழித்தேன்.
மடித்த விளக்கத் தாள், ஒரு ஸ்பானர், மூன்று போல்ட்.
பிளேடுக்குப் பின்னே பிளவுத்தகட்டை நிறுத்தி
அதன்மேல் மூடியைப் பூட்டினேன்.
விளக்கைப் பிடித்தபடி
ஆலங்கட்டி ஓய்ந்ததைக்கூடக் கவனிக்காமல்
பார்த்துக்கொண்டிருந்தார்.
முடிந்ததும் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.
"நாலு நிமிஷம்" என்றார்,
என்னிடம் இல்லை.

மறுபடி ஓடவிட்டோம்.
பெல்ட் சூடேறி, நொண்டல் குறைந்து
கடைசியில் ஒரே சீரான முனகலானது.
காசு நின்றது. நடுங்கியது, ஆனால் நின்றது.

உதிர்ந்த இரண்டு பற்களை
வாயெடுத்துச் சொல்ல முடியவில்லை.
பணத்தை முழுசாய் எண்ணிக் கொடுத்தேன்.
என் பிக்கப்பில் ஏற்றும்போது
கனமான பக்கத்தை அவர் பிடிக்க வந்தார்;
நான் முந்திக்கொண்டேன்.

பாதி இறக்கத்தில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது
ஞாபகம் வந்தது: காசை அவருடைய ஃப்ரீசர்மேல்
வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.
ஆக மொத்தம்
நானூற்றைம்பது டாலர், ஐந்து சென்ட்.