கவிழ்த்துப் பார்த்த சனிக்கிழமை

வானத்தில் கவிழப் போகிற வண்டியைத்
தரையிலேயே ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிட வேண்டும்.
கையேட்டில் அப்படி இல்லை.
தாவூத் சொன்னான். எனக்குச் சரியென்று பட்டது.

கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
முன்பு மிளகாய் மூட்டை அடுக்கிய கிடங்கு.
முதல் வருடம் முழுக்கத் தும்மினோம்.
இறக்கையின் விலாக்களை ஒட்டும்போது மட்டும்
மூக்கைப் பொத்திக்கொண்டு
பசை பிடிக்கும்வரை நின்றோம்.

மரப்பெட்டி மூன்று, இறக்கை நான்கு, இருக்கை ஒன்று.
துறைமுகத்தில் பெட்டியைத் திறந்தவர்
"பொம்மைன்னு எழுதிடட்டுமா?" என்று கேட்டார்.
பெரிய மனது.
வேண்டாம் என்றேன்.

எனக்குச் சம்பளம் மணலியில், குழாய்களில் துரு பார்ப்பதற்கு.
அதனால் கூட்டின் எஃகுக் குழல்களுக்குள்
ஆளிவிதை எண்ணெய் ஊற்றி
இப்படியும் அப்படியும் சாய்த்து ஓடவிட்டது நான்தான்.
எண்ணூர்க் காற்றை நான் நம்புவதில்லை,
பூட்டுக்குள் புகுந்து சாவியைத் தின்னும் அது.

துணி போர்த்த எமிலி வந்தாள்,
வியாசர்பாடியில் குத்துச்சண்டைக் கையுறை தைப்பவள்.
மெழுகு நூல், நீள ஊசி,
இரண்டரை அங்குலத்துக்கு ஒரு முடிச்சு.
"இதுல அடி வாங்குற பக்கம் எது?"
இரண்டும்தான் என்றேன்.
போட்ட முடிச்சை இன்னொரு தரம் இழுத்தாள்.

பிறகு இஸ்திரிப் பெட்டி, சூடு அளந்து, மூன்று ராத்திரி.
சுருங்கிச் சுருங்கி
தட்டினால் பதில் சொல்லும் அளவுக்கு விறைத்தது துணி.

பிறகு அந்த நட்.

கால் அங்குலக் காசல் நட். டப்பாவில் எண்பது.
முறுக்கிப் பின் போட்டு, சிவப்பு நகப்பூச்சால் கோடிட்டது எழுபத்தொன்பது.
எண்ணினோம்.
ராகு காலம் கழித்து எண்ணலாம் என்றான் தாவூத். எண்ணினோம்.
காந்தத்தைக் கயிற்றில் கட்டி வாலின் முனைவரை இறக்கினோம்.

குட்டிக்கரணத்தின் உச்சியில்
அந்த ஒன்று உருண்டு வந்து
சுக்கான் கம்பியின் முழங்கையில் உட்கார்ந்தால் போதும்.
தலைக்கு மேலே தெரிகிற வயல்
மேலேயே இருக்காது.

சந்தேகம் வாசலில் கேரம் ஆடும் பையன்கள் மேல் போனது.
கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.
"எங்க ரெட்டு காணாமப் போயி மூணு மாசம் ஆவுது,
நாங்க உன்ன கேட்டமா?"
குபேந்திரன் பலகையைத் தூக்கிக்கொண்டு
எதிர்ச் சந்துக்குப் போய்விட்டான்.

ஆனால் செயின் பிளாக்குக்கு எட்டுக் கை வேண்டும்.
சனிக்கிழமை காலை
தாவூத் போய் என்ன பேசினானோ,
அவர்களே வந்தார்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

இன்ஜின் ஏற்கெனவே கழற்றியாயிற்று.
சங்கிலி கடகடவென்று ஏற
மூக்கில்லாத உடல் மெல்லப் புரண்டது,
ஸ்கேனுக்குப் படுக்கையில் திருப்பப்படும் நோயாளிபோல,
எங்கே பிடிப்பது என்று எல்லோருக்கும் ஒரு கூச்சம்.
"உலுக்கு" என்றேன்.

காக்பிட்டிலிருந்து கொட்டியது:
மரத்தூள், ரிவெட் வால்கள்,
வேர்க்கடலைத் தோல் (தாவூத்),
பென்சில் துண்டு (நான்),
இரண்டு வருடத்துக்கு முந்தைய மின்சார ரயில் டிக்கெட்,
மிளகாய் விதைகள், இன்னுமா!
எல்லோரும் தும்மினோம்.

கடைசியாக, சத்தமாக,
சிவப்பாக ஒன்று விழுந்து
விளிம்பில் நின்றபடி உருண்டு
குபேந்திரன் செருப்பில் முட்டிச் சாய்ந்தது.

யாரும் பேசவில்லை.
அப்போதுதான் நினைவுக்கு வருகிறது எனக்கு:
தரைப் பலகை ஒட்டியிருக்கிறதா என்று தட்டிக் கேட்க
அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்தேன்,
போகிற வழியில், அவர்கள் பலகையிலிருந்து.
தட்டினேன். நல்ல ஓசை. வைத்துவிட்டேன்.

சொன்னேன்.
பையன் காயைச் சட்டையில் துடைத்தான்.
"எங்களுது கெடச்சிச்சி. உன்னுது?"

இன்னும் இரண்டு தரம் உலுக்கினார்கள், கேட்காமலே.

குறிப்பேட்டில் எழுதினேன்:
நட் ஒன்று, கிடைக்கவில்லை.
பறக்கத் தகுதி, இல்லை.
வயிற்றுத் துணியை அறுத்துத் திறக்க வேண்டும்,
எமிலிக்குச் சொல்ல வேண்டும்.

பலகை வாசலுக்குத் திரும்பிவிட்டது.
ஸ்ட்ரைக்கர் காயில் மோதும் ஒவ்வொரு முறையும்
பிளேடும் கையுமாக
தரையைப் பார்க்கிறேன்.