பல்லுயிர்

நாற்பத்தொன்று அ என்றால் ரூனே.
நாற்பத்தொன்று ஆ அவர் மனைவி குன்வோர்.
இது எனக்குத் தெரியக் கூடாது.
குழாய்மேல் எண்தான் ஒட்டியிருக்கும்,
எண்ணைத் தாண்டி ஆய்வகம் ஆளைப் பார்ப்பதில்லை.
ஆனால் ரூனே
காத்திருக்கும் அறையிலேயே பெயரை உரக்கச் சொல்லிவிடுவார்,
எண்ணையும் சேர்த்து.
கப்பல் கட்டும் தளத்தில்
முப்பது வருடம் பற்றவைத்தவரின் காது அப்படி.

கோதன்பர்க்கில் நவம்பர். டிராமின் கண்ணாடி முழுக்க
மூச்சின் ஈரம்.
ஏழரைக்கு வந்து வாயைத் திறக்கிறார்.
கீழ்த்தாடை, வலப்பக்கம்:
டைட்டானியத் திருகின்மேல் ஒரு பீங்கான் பல்.
அதை ஒட்டி, காப்பிக் கறையேறிய சொந்தப் பல்.
எப்போதும் பஞ்சைக் கவ்வியபடிதான் கேள்வி கேட்பார்:
இரும்போடு இரும்பைச் சேர்க்க எனக்கு நெருப்பு வேண்டியிருந்தது,
எலும்பு எப்படி
சும்மா இருந்தே உலோகத்தைப் பிடித்துக்கொண்டது?
இங்கெலா பதில் சொல்வதில்லை.
காகிதக் கூரொன்றை இடுக்கியால் எடுத்து
ஈறுக்குள் இறக்குகிறாள்.
அரை நிமிடம். பல்லோரம் ஒன்று, திருகோரம் ஒன்று.

ஈறு.
முடிவுக்கும் அதுவே சொல்.

சொந்தப் பல் எலும்பில் நடப்பட்டதல்ல,
நார்களில் தொங்குகிறது.
சோற்றில் ஒரு கல் கிடந்தாலும்
ஊஞ்சல் ஆடித் தகவல் சொல்லிவிடும்.
திருகுக்கு ஊஞ்சல் இல்லை.
அது நிற்கிறது, அவ்வளவுதான்.
தன் காலடியில் எலும்பு கரைந்தாலும்
ஒரு வார்த்தை சொல்லாது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
ரூனேவுக்குப் பல் போனபோது சொல் அப்படியே இருந்தது.
குன்வோர் போனபோதுதான்
ஒரு குளிர்காலம் முழுக்க
டிராம் ஓட்டுநருக்கு வணக்கம் சொன்னதோடு சரி.
(இதையும் அவரேதான் சொன்னார், அதே உரத்த குரலில்.)

குதிரை ரத்தம் கலந்த தட்டுகளைக்
காற்றில்லாத ஜாடியில் அடுக்கி மூடினேன்.
ஒன்பதாம் நாள் திறந்தால் முதலில் நாற்றம்,
பிறகு கரும்புள்ளிகள்.
பல்லோரத் தட்டில் ஏழெட்டு.
திருகோரத் தட்டில் எண்ண முடியவில்லை.

வரிசை பிரித்துப் பார்த்தேன்.
ஒப்பிட வேறு மாதிரி உண்டா என்று கணினி தேடிப் போனது,
உறைபெட்டியின் மூன்றாம் தட்டுக்கு,
பூஜ்யத்துக்கு எண்பது டிகிரி கீழே.
நாற்பத்தொன்று ஆ, இடது கடைவாய், ஆறு வருடம் முன்பு.
ஒரே வம்சம்.
எழுத்துக்கு எழுத்து, ஏறக்குறைய.

யார் யாருக்குக் கொடுத்தது என்று வரிசை சொல்லாது.
ஊறுகாய் மீன் சாற்றுக்கு உப்புப் பார்த்த
ஒரே கரண்டியாக இருக்கலாம்,
முத்தமாகவும் இருக்கலாம்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

திருகு வைத்தது அவள் போன மறுவருடம்.
அவள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.
பார்க்காத உலோகத்தில்
பக்கத்துப் பல்லிலிருந்து இறங்கி வந்து
குடியேறியிருக்கின்றன,
அவள் வாயில் வாழ்ந்தவற்றின்
பேரனுக்குப் பேரனுக்குப் பேரன்கள்
(ஒரு நாளைக்கே நாலைந்து தலைமுறை,
கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன்).

இதை அழகாக்க வேண்டாம் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
எலும்பைத் தின்கின்றன. எக்ஸ்ரேயில் மூன்று மில்லிமீட்டர்.
அறிக்கையில் எழுதினேன்: சுத்தம் செய்யப் பரிந்துரை.

இங்கெலா சுரண்டினாள், பொடி பீய்ச்சினாள், கழுவினாள்.
ரூனே உறிஞ்சிக் குழாயின் சத்தத்தை
பழைய கம்ப்ரெசரோடு ஒப்பிட்டுக் குறை சொன்னார்.
ரத்தம் கொஞ்சம். துப்பினார். தண்ணீர் அடித்துக்கொண்டு போனது.

பிப்ரவரியில் மறுபடியும் இரண்டு கூர்கள்.
திருகோரம்: இல்லை.
பல்லோரம்: ஒரே ஒரு புள்ளி.
தூசியோ என்று தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
தூசியில்லை.

போயிடுச்சா எல்லாம், என்று கேட்டாராம்.
திருகில் இல்லை என்றாளாம் இங்கெலா.
தலையாட்டிவிட்டு
கீழே ஏலக்காய் ரொட்டி வாங்கிக்கொண்டு
நின்றபடியே தின்றிருக்கிறார்,
வலப்பக்கத்தால்.

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன:
இல்லை. மிகச் சிறிதளவு. உண்டு.
நடுக் கட்டத்தில் குறியிட்டேன்.
பிறகு ஜாடியைக் கழுவப் போனேன்,
நாற்றம் போகவே மாட்டேனென்றது.