வேலந்தாவளம், பதிப்பு 0.0.3

நாயகனுக்கு இன்னும் முகம் இல்லை.
சாம்பல் நிறத்தில் ஒரு மாத்திரை,
அதன் வலப்பக்கம் அந்தரத்தில் ஒரு நீளக் கட்டை.
அதை நாங்கள் வாள் என்கிறோம்.
அரக்கன் எட்டு மீட்டர் கனசதுரம்.
பெனாசிர் அதற்குக் கண் வைக்க மறுத்துவிட்டாள்:
"கண்ண வெச்சா அழகு பண்ணிட்டே உக்காந்திருவோம்.
மொதல்ல அடி விழுகட்டும்."

கீழே கோழித்தீவனக் கடை.
மக்காச்சோளத் தூசி மாடிப்படி ஏறி வந்து
மின்விசிறியில் குடியிருக்கிறது.
பாதி வாடகைக்குப் பதிலாக
கடையின் பில் போடும் கணினியை நான் பார்த்துக்கொள்கிறேன்.
மீதிப் பாதி, மூன்று மாதமாகப் பாக்கி.

அடி என்பது என்ன?
கட்டை கனசதுரத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது,
புகையைக் குத்தியதுபோல.
உயிர்ப்புள்ளி நூறிலிருந்து எண்பத்தெட்டு.
அது கணக்கு. அடி இல்லை.

சஜீஷ் தோப்புக்குப் போய்
உரிபாரையில் நெற்று இறங்கும் ஓசையை
நாற்பது முறை பதிந்து வந்தான்.
பதினேழாவதில் குறுக்கே ஒரு மயில்.
பொருந்தியது அதுதான். மயிலை வெட்டினோம்.
பிறகு நான், வாள் தொடும் அந்தப் புள்ளியில்
உலகத்தை மூன்று சட்டகம் நிறுத்தினேன்,
காற்று, புல், அரக்கன், எல்லாவற்றையும்.
ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு.
விரலுக்கு எலும்பு தட்டுப்பட்டது.
ஒன்றும் பேசாமல்
மூவரும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தோம்,
டீ ஆறி ஆடை கட்டும்வரை.

செவ்வாய் இரவு புதுப் பிழை.
காட்டுத் துண்டும் வயல் துண்டும் சேரும் தையலில்
அரக்கன் வந்து நின்றுவிடுகிறது.
நடுங்குகிறது, தாண்டவில்லை,
பறவைக் காய்ச்சல் நாட்களில்
சாவடியில் நிற்கும் முட்டை லாரி மாதிரி.
இருபுறமும் ஒரே புல், ஒரே பச்சை.
வழித்தடத்தைப் பிரித்துப் பார்த்தால்
நடுவே இரண்டு சென்டிமீட்டர் யாருக்கும் சொந்தமில்லை.
"பிழைன்னு ஏன் சொல்ற?
அதுக்கு அந்தப் பக்கம் பெர்மிட் இல்லன்னு வெச்சுக்கோ" என்றான் சஜீஷ்.
ஜன்னலோரம் வைத்தால் கேரளத்துக்கும்
கட்டிலில் போட்டால் தமிழ்நாட்டுக்கும்
என்னை வரவேற்கும் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
திங்கட்கிழமை கொச்சியில் காட்ட வேண்டும்.
இடைவெளியை மூடினேன்.

சனிக்கிழமை, முதல் வெளியாள்.
மூட்டை இறக்கும் எட்வின்.
கையைச் சட்டையில் இருமுறை துடைத்துவிட்டு
கன்ட்ரோலரை வாங்கினான், சுடுபாத்திரம்போல.
நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றோம்;
ஆடுகிறவனிடம் எதையும் சொல்லக்கூடாது என்பது விதி.

அவன் அரக்கனிடம் போகவில்லை.
ஒளிந்துகொள்ள ஏதாவது இருக்கட்டும் என்று
ஓரமாகப் போட்டிருந்த பழுப்புக் கட்டைகள் ஆறு.
ஒன்றை அடித்தான். திரும்ப அடித்தான்.
பின்பக்கம் சுற்றிப் போய் அடித்தான்.
பதினொரு நிமிஷம்.
தூரத்தில் அரக்கன் உறுமிக்கொண்டே இருந்தது,
பெனாசிர் தொண்டை கட்டும்வரை கொடுத்த உறுமல்.

"இது மூட்டைதான?"
யாரும் வாய் திறக்கவில்லை.
"இத்தன அடிக்கு ஒரு பொட்டு சிந்தல.
என் கொக்கி லேசாப் பட்டாலே கிழிஞ்சிரும்."
கன்ட்ரோலரைத் தந்துவிட்டு இறங்கிப் போனான்.
லாரி வந்திருந்தது.

கோப்பில் அதன் பெயர் கட்டை_06.
இரவோடு இரவாக மூட்டை_06.

அரக்கனை அணைத்து வைத்தோம்.
பெனாசிர் கிடங்கில் ஒரு சாக்கைக் கிழித்து
அதன் முன் குந்தியிருந்துவிட்டு வந்து சொன்னாள்:
"சோளம் உடனே வரல. தூசிதான் மொதல்ல."
அந்தச் சாக்குக்கான பணமும் பாக்கியில் சேரும்.

நாலரைக்குக் கரண்ட் போனது.
லேப்டாப்பில் ஒன்பது விழுக்காடு.
முகமில்லாத மாத்திரை கட்டையை ஓங்கியது.
உலகம் நின்றது, மூன்று சட்டகம்.
சாக்கு வாய் பிளந்தது.
தூசி, அப்புறம் சோளம்,
மஞ்சளாக, நாங்கள் நினைத்ததைவிட மெதுவாக,
தரையில் விழுந்து
தரையைத் தாண்டி
வரைபடத்துக்கு அடியிலிருந்த வெறும் நீலத்துக்குள்
கொட்டிக்கொண்டே போனது.

சோளத்துக்கும் தரை உண்டு என்று
எழுத மறந்திருந்தேன்.
"ஏழு விழுக்காடு" என்றான் சஜீஷ்,
கண்ணை எடுக்காமல்.