கியூ-1

திருவாடானை கோர்ட்டில் தட்டச்சு செய்பவள் நான்.
வாய் சொல்வதை விரல் அடிக்கும்.
நம்புவது என் வேலை இல்லை.

காரங்காட்டு சூசைமிக்கேல் இறந்து
ஏழு மாதம் கழித்து வெளியே வந்தது
இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு கிரய ஒப்பந்தம்.
உப்பங்கழி ஓரம் நாற்பத்திரண்டு சென்ட்,
இறால் பண்ணைக்கு.
கடைசித் தாளில் அவர் கையெழுத்து.
நிபுணர்கள் அதற்கு வைத்த பெயர் கியூ-1.

சென்னை ஆய்வகத்துக்காரர்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார்:
"மீனவர் சங்கப் பாஸ்புத்தகத்தில் உள்ள ஒப்பத்தின் மேல்
இதை வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
மயிரிழை விலகவில்லை.
ஆகவே போலி."

மதுரைக்காரர் ஓய்வுபெற்றவர்,
எதிரித் தரப்பு கார் வைத்து அழைத்து வந்தது.
அதே கண்ணாடி, அதே வெளிச்சம்.
"மயிரிழை விலகவில்லை.
ஆகவே அசல்."

முந்தின பத்தியை நகலெடுத்து
கடைசி வார்த்தையை மட்டும் மாற்றினேன்.

"இரண்டு அலை ஒரே கோட்டில் வந்து நிற்குமா?"
என்று ஆரம்பித்தார் அரசு வக்கீல்.
"கேள்வியைக் கேளுங்கள்" என்றார் நீதிபதி.
அலையை நான் அடிக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில்
வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.
இந்த மாதம் நான் போட்டது இருபத்தொரு ஒப்பம்.
பஸ்ஸை விட்டுவிட்டு ஓடிவந்த திங்கட்கிழமை,
பையனுக்குக் காய்ச்சலடித்து வால் சுருண்ட புதன்,
சம்பள நாளில் கொஞ்சம் அகலமாய்.
எதன்மேல் எதை வைத்தாலும் உட்காராது.
எனக்கே நான் போலி போல இருந்தது.

பிறகுதான் ஆடி மாதத்துக் கட்டை அவிழ்த்தேன்.
அதில் நிபுணர் அல்லாத ஒருவர் இருந்தார்:
தொண்டி ஆஸ்பத்திரி மருந்தாளுநர் செய்யது இபுறாகிம்.
புறநோயாளிப் பதிவேடு,
ஒப்பந்தத்தில் உள்ள அதே தேதி, காலை ஒன்பதே கால்.
'திருக்கை முள், வலது உள்ளங்கை, மூன்று தையல்.'
கையெழுத்துக் கட்டத்தில்
நீலமாய் ஓர் இடது பெருவிரல்.

குறுக்கு விசாரணை:
"சாயங்காலம் பேனா பிடித்திருக்கலாம் அல்லவா?"
"பிடிச்சிருக்கலாம் சார். ஆனா
திருக்கை குத்துனவன் அன்னிக்குப் பேனாவைப் பிடிக்க மாட்டான்,
கட்டில் காலைத்தான் பிடிப்பான்."
கோர்ட்டே சிரித்தது.
சிரிப்பை அடிக்க விதியில்லை.
'பிடித்திருக்கலாம்' மட்டும் தாளில் இருக்கிறது,
எதிரித் தரப்பு சிவப்பில் அடிக்கோடிட்டு.

இன்று பிரகாசியம்மாளை மறுபடி அழைத்திருந்தார்கள்.
அவள் சொன்னது பத்து வரி.
கை வீங்கி, கஞ்சியை அவள்தான் ஊட்டினாளாம்.
"வேறு சாட்சி?"
"வீட்டுல கஞ்சி ஊட்டுறதுக்கு யாரைக் கூப்பிட்டு வச்சுக்குவாக?"

மூன்று தாளிலும் ஒப்பமிட என் மேசைக்கு வந்தாள்.
முதல் தாளில் பிரகாசி.
இரண்டாவதில் காலை விட்டுவிட்டாள், பிரகசி.
மூன்றாவதில் எழுத்துகள் கோட்டைத் தாண்டிக்
கீழே இறங்கிப் போயின.
"ஒண்ணு மாதிரி ஒண்ணு விழலையே தாயி,
செல்லுமா?"

எதிரித் தரப்பு வக்கீல் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர்
நாடாவைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

செல்லும் என்றேன்.

தீர்ப்புக்காகப் பதினெட்டாம் தேதிக்கு ஒத்திவைப்பு.
அடியில் என் சுருக்கொப்பம்,
இன்றைக்குக் கொஞ்சம் சாய்ந்து.