இடது கையில் சாவி

ஜூலை மாதம். கல்வர் சிட்டியில் தார் உருகுகிறது.
ஏழாம் தளத்துக்குள் மட்டும் பனிக்காலம்.
வெள்ளையடித்த சோள அவல் மேலிருந்து கொட்டுகிறது;
மிதித்தால் நொறுங்கும் சத்தத்தில்
காதல் வசனம் ஒன்றும் காதில் விழாது.
எண்ணெய்ப் புகையில் ஒரு சதுப்பு நிலம்,
நடுவே
பின்பக்கமே இல்லாத மாளிகை.

மெழுகுவர்த்தியை அளப்பது என் வேலை.
படியேறும்போது நான்கு அங்குலம் என்றால்
கதவைத் திறக்கையில் மூன்றே முக்கால்.
முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக எடுப்பார்கள்;
காலம் நேராகத்தான் ஓடியது என்று
பொய்ச்சாட்சி சொல்ல எனக்கு வாரம் நாற்பது டாலர்.
சால்வை எந்தத் தோளில்,
அறை விழுந்தது எந்தக் கன்னத்தில்,
இறந்தவளின் ஓவியத்தில் தூசி எவ்வளவு,
எல்லாம் என் மடியில், நீலப் பென்சிலில்.

நாவலை மூன்று முறை படித்திருந்தேன்.
இரண்டாம் முறை, ராய்ஸ் கப்பலேறிய இரவில்.
கடைசி அத்தியாயத்தில் அவள்
கிழக்கு வாசலைத் தானே திறந்து
விடியலுக்குள் நடந்துபோவாள்.
அவன் கூப்பிடுவான்.
காது கேட்டது, கால் நிற்கவில்லை.
அவ்வளவுதான் எழுதியிருந்தாள் எழுதியவள்.

மேல்மாடியிலிருந்து மஞ்சள் தாள்கள் இறங்கி வந்தன.
புது முடிவு: சாவியைக் கிணற்றில் எறிகிறாள்,
திரும்பி ஓடி வருகிறாள்,
அவன் மார்பு, வயலின்.
"யுத்த காலத்தில், வீட்டைவிட்டுப் போகிறவளைப் பார்க்க
யார் டிக்கெட் வாங்குவார்கள்?" என்றார் திரு. விஸ்டெட்.
வீட்டைவிட்டுப் போனவர்கள் யார் என்று
நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கிணறு. ஒரே டேக்கில் முடிந்தது.
வியாழக்கிழமை அணைப்பு.
பத்தொன்பதாவது டேக்கில்
அவன் முதுகுக்குப் பின்னால்
லெனோரா குவிஸ்டின் இடது கை மூடியிருந்தது.
விரலிடுக்கில் பித்தளை மின்னியது.
கண்ணீர் சரியாக இறங்கிக்கொண்டிருக்க
அவன் தோளுக்கு மேலாக,
கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த
என்னைப் பார்த்தாள்.

"நெட்டி, எல்லாம் பொருந்துகிறதா?"
பொருந்துகிறது என்றேன்.
என் நீலப் பென்சில் அன்று
மெழுகுவர்த்தியை மட்டும் குறித்துக்கொண்டது:
ஒன்றரை அங்குலம், அணைந்தது.

பதினெட்டு வருடம் கழித்து
டுலூத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன்
ஸ்டூடியோ முகவரிக்குக் கடிதம் போட்டிருந்தான்.
பின்னிரவில் டிவியில் பார்த்தானாம்.
சாவி கிணற்றில் அல்லவா கிடக்கிறது, அம்மா?

ஆமாம் தம்பி, தவறுதான்,
என்று பதில் எழுதினேன்.
எது தவறு என்று எழுதவில்லை.